ஒளிப்படக் கலைஞர்களுக்கான அறிமுக அட்டை வடிவமைப்பு: ஏற்காடும் அடிவாரமும்

அறிமுக அட்டை என்பது தொழில் செய்யும் ஒருவரின் பெயர், தொழில், தொடர்பு விவரம் ஆகியவற்றைச் சட்டைப்பையில் அடங்கும் அளவில் அச்சிட்ட அட்டையாகும். பேச்சு வழக்கில் இது விசிட்டிங் கார்டு எனப்படுகிறது. பிற தொழில்களில் இந்த அட்டை செய்தியைச் சொன்னால் போதும். ஒளிப்படக் கலைஞரின் அட்டை அவருடைய வேலைக்கு மாதிரியாகவும் பார்க்கப்படுகிறது. அட்டையிலுள்ள படம் மங்கியிருந்தால், அவர் செய்து தரும் கல்யாண ஆல்பமும் அப்படித்தான் இருக்கும் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வார்.

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டையும், மலைச்சாலை தொடங்கும் அடிவாரப் பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒளிப்படக் கலைஞருக்கு ஏற்ற அட்டையை எவ்வாறு திட்டமிடுவது, வடிவமைப்பது, அச்சிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கைபேசியிலேயே எல்லோரும் படம் எடுக்கும் காலத்தில் இத்தொழிலை நம்பி வாழ்பவருக்கு, ஒருமுறை சந்தித்தவர் மறுபடி அழைப்பதே வருமானம். அந்த அழைப்புக்கு வழி செய்வதே அட்டையின் வேலை.

இடமும் வாடிக்கையாளரும்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சேலத்திலிருந்து அடிவாரம் வழியாகச் செல்லும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏரி, பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில், காப்பித் தோட்டங்கள் ஆகியவை பார்வையாளர்களை ஈர்க்கின்றன. மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறுகின்றன.

இப்பகுதியில் தொழில் செய்யும் ஒளிப்படக் கலைஞரிடம் வருபவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் சுற்றுலாப் பயணிகள். இவர்கள் ஓரிரு நாளில் மலையிறங்கிவிடுவார்கள். கலைஞரின் முகமும் குரலும் அவர்களுக்குச் சில நாட்களில் மறந்துபோகும். பையில் கிடக்கும் அட்டைதான் மிஞ்சும்.

இரண்டாம் வகையினர் திருமணத்திற்கு முன் படம் எடுத்துக்கொள்ள வரும் இணையர்கள். சேலம், நாமக்கல், ஈரோடு, பெங்களூரு போன்ற இடங்களிலிருந்து வரும் இவர்கள் பெரும்பாலும் கைபேசியில் மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டே முடிவெடுப்பார்கள். செலவுக்குப் பணம் தரும் பெற்றோரோ அட்டையைக் கையில் வாங்கிப் படித்துப் பார்ப்பவர்கள்.

மூன்றாம் வகையினர் உள்ளூர் மக்கள். அடிவாரத்திலும் மலைக் கிராமங்களிலும் நடக்கும் கல்யாணம், காதணி விழா, கோயில் திருவிழா, பள்ளி விழா ஆகியவற்றுக்கு இவர்கள் அழைப்பார்கள். இவர்களுக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் கடை இருக்குமிடமும் தெளிவாகத் தெரிந்தால் போதும்.

ஒரே அட்டை மூன்று வகையினருக்கும் முழுமையாகப் பொருந்தாது. ஆகவே வடிவமைப்பைத் தொடங்குமுன், இந்த அட்டை யார் கைக்குப் போகும், அவர் அதை எங்கே எப்போது எடுத்துப் பார்ப்பார் என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். எழுத்தின் அளவு முதல் தாளின் தன்மை வரை மற்ற முடிவுகள் யாவும் அந்த விடையைப் பொறுத்தவை.

வரலாற்றுப் பின்னணி

ஒளிப்படமும் அறிமுக அட்டையும் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒன்று சேர்ந்துவிட்டன. பாரிஸ் நகரின் ஒளிப்படக் கலைஞர் ஆந்த்ரே அடால்ப் யூஜீன் டிஸ்தேரி 1854இல் 'கார்ட் டி விசிட்' என்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பிரெஞ்சுச் சொற்றொடரின் பொருளே 'சந்திப்பு அட்டை' என்பதுதான். ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களைப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் சுமார் 64 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் உள்ள அட்டையில் ஒட்டிக் கொடுத்தனர். இதனால் உருவப்படத்தின் விலை குறைந்தது. உறவினரும் நண்பரும் தங்கள் படங்களைப் பரிமாறிக்கொண்டு ஆல்பங்களில் சேர்த்தனர்.

இந்த அட்டைகளின் பின்புறத்தில் ஒளிப்பட நிலையத்தின் பெயர், தெரு, ஊர் ஆகியவை அச்சிடப்பட்டிருந்தன. மறுபிரதி வேண்டுவோர் எந்த நிலையத்தைக் கேட்க வேண்டும் என்பதை அதைப் பார்த்தே அறிந்தனர். சென்னையிலும் உதகையிலும் தொழில் செய்த நிக்கோலஸ் நிறுவனத்தின் பெயர் இன்றும் பழைய படங்களின் அட்டைகளில் காணப்படுகிறது. இந்த முறையில் முன்பக்கத்துப் படம் வேலையின் தரத்தைக் காட்டியது. பின்பக்கத்து எழுத்து அந்த வேலையைச் செய்தவரிடம் வழிநடத்தியது. இன்றைய ஒளிப்படக் கலைஞரின் அட்டைக்கும் இந்தப் பகுப்பு பொருந்தும்.

சேலம் வட்டாரத்திற்கும் ஒளிப்படத்திற்கும் உள்ள தொடர்பு பழையது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், இராயக்கோட்டை உள்ளிட்ட அன்றைய சேலம் மாவட்ட இடங்களைப் படம்பிடித்தார். அப்படங்களின் தொகுதி 1858இல் வெளிவந்தது. பின்னர் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் சேலத்தில் ஏற்காடு செல்லும் சாலையில் இயங்கியது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இந்நிறுவனத்திலிருந்து வந்தது. நிலையம் மறைந்த பின்னும் அதன் முகப்பு வளைவு வழி சொல்வதற்கான அடையாளமாக மக்களிடம் நிலைத்தது. ஒரே பெயரையும் ஒரே தோற்றத்தையும் நீண்டகாலம் மாற்றாமல் வைத்திருப்பதன் பயனுக்கு இது அருகிலேயே உள்ள சான்று.

அட்டையில் இடம்பெற வேண்டியவை

இன்றியமையாத விவரங்கள் ஐந்து:

1. கலைஞரின் பெயர் அல்லது நிலையத்தின் பெயர். இரண்டும் இருந்தால் ஒன்றைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் அமைக்க வேண்டும்.
2. எந்த வகைப் படங்கள் எடுக்கிறார் என்பதைச் சொல்லும் ஒரு வரி.
3. தொலைபேசி எண். வாட்ஸ்அப்பிற்கும் அதே எண் என்றால் அதையும் குறிப்பிடலாம்.
4. மாதிரிப் படங்களைப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு இணைய இடம்: இணையதளம் அல்லது இன்ஸ்டாகிராம் பக்கம்.
5. ஊர். கடை இருந்தால் முகவரியும், அருகிலுள்ள அடையாளமும்.

இவற்றுக்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு வரியும் மேலுள்ள ஐந்தின் இடத்தைக் குறைக்கிறது. பல அட்டைகளில் திருமணம், பிறந்தநாள், பாஸ்போர்ட் படம், லேமினேஷன், ஜெராக்ஸ், பிரேம் என்று பத்துச் சேவைகள் வரிசையாக இருக்கும். கடை நடத்துபவருக்கு அந்தப் பட்டியல் தேவைப்படலாம். அப்போது அதைப் பின்பக்கத்துக்கு மாற்றலாம். முன்பக்கத்தில் எந்த வேலைக்கு அதிகம் அழைக்கப்பட விரும்புகிறாரோ அதை மட்டும் வைப்பது நல்லது.

தொழிலைக் குறிக்கும் வரியில் வாடிக்கையாளர் பேசும் சொல்லையே பயன்படுத்த வேண்டும். கட்டுரையில் 'ஒளிப்படம்' என்று எழுதுவது முறை. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர் 'போட்டோ, வீடியோ' என்றுதான் கேட்பார். 'நினைவுகளைச் செதுக்குகிறோம்' போன்ற பொதுவான வாசகத்தை விட 'கல்யாண போட்டோ, வீடியோ – சேலம், ஏற்காடு' என்ற வரி கூடுதல் பயன் தரும். என்ன வேலை, எந்த ஊர் என்ற இரண்டையும் அது ஒருசேரச் சொல்லிவிடுகிறது.

பத்து இலக்கக் கைபேசி எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து அச்சிட்டால் பார்த்து அழுத்துவது எளிது. வெளிநாட்டில் வாழும் உறவினர் வழியாகவும் அழைப்பு வரும் என்றால் முன்னால் +91 சேர்க்க வேண்டும். கம்பித் தொலைபேசி எண் கொடுப்பவர்கள் ஏற்காட்டுக்கு 04281, சேலத்துக்கு 0427 என்னும் குறியீட்டை விட்டுவிடக் கூடாது. மலையின் மேலும் கீழும் குறியீடு வேறு என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

முகவரியிலும் இதே கவனம் தேவை. 'அடிவாரம்' என்ற பெயர் தமிழ்நாட்டில் பழனி உட்படப் பல ஊர்களில் வழங்குகிறது. ஆகவே 'ஏற்காடு அடிவாரம், சேலம்' என்று முழுமையாக எழுத வேண்டும். மலைமேல் கடை வைத்திருப்பவர் 'ஏற்காடு 636601' என்பதோடு ஏரி, பேருந்து நிலையம் போன்ற எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளத்தைச் சேர்த்தால் தேடி வருபவருக்கு வசதியாக இருக்கும்.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஏற்காட்டுக் கலைஞர் ஒருவர் அட்டைக்குப் படம் தேடும்போது ஏரியும் மூடுபனியும்தான் முதலில் நினைவுக்கு வரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. தங்கும் விடுதி, வாடகைக் கார், மனை விற்பனை, காப்பித்தூள் கடை ஆகியவற்றுக்கும் அதே ஏரி, அதே பனி பொருந்தும். ஏரிப் படம் போட்ட அட்டையைப் பத்து நாள் கழித்துப் பையிலிருந்து எடுப்பவர் அதை விடுதியின் அட்டை என்று எண்ணி ஒதுக்கிவிடலாம்.

எனவே படத்தில் இடம் மட்டும் இருந்தால் போதாது. கலைஞர் செய்யும் வேலையும் தெரிய வேண்டும். திருமணப் படம் எடுப்பவர், பனி சூழ்ந்த மலைச்சாலையில் நடந்து வரும் இணையரைக் காட்டலாம். குடும்பப் படம் எடுப்பவர், பாட்டி முதல் பேரன் வரை ஒரே படத்தில் இயல்பாகச் சிரிக்கும் காட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் பொருட்படம் எடுப்பவருக்குச் சிவந்த காப்பிப் பழங்களின் அண்மைக் காட்சி ஏற்றது. இயற்கைப் படம் மட்டுமே எடுப்பவருக்கு மலைக்காட்சி பொருந்தும். அப்போதும் எல்லோரும் நின்று எடுக்கும் இடத்திலிருந்து எடுத்ததாக இல்லாமல், அவருக்கே உரிய பார்வை தெரிவதாக இருக்க வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு படம் போதும். இவ்வளவு சிறிய பரப்பில் நான்கு படங்களை அடுக்கினால் ஒவ்வொன்றும் தபால்தலை அளவாகி, முகங்கள் தெரியாமல் போகும். தகுந்த படம் கிடைக்காவிட்டால் படமே இல்லாமல், நல்ல தாளில் தெளிவான எழுத்தோடு மட்டும் அட்டை அடிக்கலாம். கேமரா, லென்ஸ், பிலிம் சுருள் ஆகியவற்றின் ஆயத்த ஓவியங்கள் எண்ணற்ற அட்டைகளில் இடம்பெற்றுவிட்டன; அவை ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில்லை.

அனுமதியும் உரிமையும்

வாடிக்கையாளரின் படத்தை அட்டையில் அச்சிடுமுன் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவின்படி, பொதுவாகப் படைப்பாளரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு எடுத்துத் தரும் ஒளிப்படத்துக்கு விதிவிலக்கு உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் ஆவார். 'நான் எடுத்த படம்தானே' என்று கல்யாண வீட்டுப் படத்தை அட்டையில் போட்டுக்கொள்வது இந்த விதியுடன் மோதும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. முன்பணம் வாங்கும்போது எழுதும் ஒப்பந்தத்திலோ ரசீதிலோ, 'தெரிவு செய்த படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் / பயன்படுத்தக் கூடாது' என்ற வரியைச் சேர்த்து, வாடிக்கையாளர் விரும்பியதில் குறியிட்டுக் கையொப்பமிடச் செய்யலாம். மணமகன், மணமகள் இருவரின் ஒப்புதலும் இருப்பது நல்லது. குழந்தைகளின் படமானால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். கலைஞர் தம் விருப்பத்தில் எடுத்த இயற்கைக் காட்சிகளுக்கு இச்சிக்கல் இல்லை.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். வயலில் வேலை செய்யும் மூதாட்டியின் முகமோ, திருவிழாவில் ஆடும் இளைஞரின் முகமோ அழகாக அமைந்துவிட்டது என்பதற்காகக் கேட்காமல் அட்டையில் இடுவது முறையன்று. அவர்களும் அதே கலைஞரைத் தம் வீட்டு விசேஷத்துக்கு அழைக்கக்கூடிய வாடிக்கையாளர்களே. கேட்டுப் பெற்ற ஒப்புதலோடு, அச்சிட்ட படம் ஒன்றையும் அவர்களுக்குக் கொடுப்பது நல்ல பழக்கம்.

அட்டையில் சொல்லும் சேவைக்கும் தகுதி இருக்க வேண்டும். ட்ரோன் படப்பிடிப்பு என்று அச்சிடுபவர் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் கேட்கும் பதிவும் சான்றும் பெற்றிருக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் படம் எடுக்க வனத்துறையின் அனுமதியும், தனியார் காப்பித் தோட்டங்களில் எடுக்க உரிமையாளரின் அனுமதியும் தேவை.

எழுத்தும் மொழியும்

பெங்களூரிலிருந்து வருபவருக்கும் மலைக் கிராமத்தவருக்கும் ஒரே அட்டை பயன்பட வேண்டுமானால் இரு மொழிகள் தேவைப்படும். இரண்டையும் ஒரே பக்கத்தில் நெருக்குவதைவிட, ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் ஆங்கிலம் எனப் பிரிப்பது தெளிவாக இருக்கும். தொலைபேசி எண் இரு பக்கமும் வரலாம். படத்துக்கும் இடம் வேண்டுமென்றால், தமிழ் அட்டை ஒன்றும் ஆங்கில அட்டை ஒன்றுமாக இரண்டு வகை அச்சிட்டு, ஆளுக்கேற்பத் தரலாம்.

தமிழ் எழுத்துகளில் சுழிகளும் மேல், கீழ் நீட்சிகளும் அதிகம். ண, ன, ஞ, ணு, ளு போன்றவை சிறிய அளவில் அச்சானால் சுழிகள் மையால் அடைபட்டு ஒன்றுபோலத் தெரியும். ஆங்கிலத்துக்கு 7 புள்ளி அளவு போதும் என்ற இடத்தில் தமிழுக்கு 8 அல்லது 9 புள்ளி வைப்பது பாதுகாப்பானது. தொலைபேசி எண்ணைப் பெற்றோர் வயதினர் கண்ணாடி இல்லாமலும் படிக்கும் அளவுக்கு, 11 அல்லது 12 புள்ளிக்குக் குறையாமல் அமைக்கலாம்.

பெயரில் நாட்டம் காட்டும் வளைந்த கையெழுத்து வகை எழுத்துருக்களைப் பெயருக்கு மட்டும் பயன்படுத்தலாம். எண்ணுக்கும் முகவரிக்கும் அவை உதவா. இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் கலக்காமல் இருப்பது நல்லது.

அச்சகத்தில் தமிழ் கெடுவதற்கு எழுத்துருக் குறியாக்கம் முக்கியக் காரணம். பழைய அச்சகங்களில் பாமினி போன்ற, ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துரு 16 பிட்டு முறையையும் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் ஒருங்குறித் தமிழைத் திறந்தால் கொ, கோ, கெ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறிவிடுவதுண்டு. இதைத் தவிர்க்க, எழுத்துகளை வரைவடிவமாக மாற்றிய பி.டி.எஃப். கோப்பைத் தர வேண்டும். அச்சகத்தார் மறுபடி தட்டச்சு செய்து அனுப்பினால், மாதிரித் தாளை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

அளவு, கோப்பு, வண்ணம்

இந்தியாவில் பரவலாக அச்சிடப்படும் அட்டை 3.5 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் உடையது. வங்கி அட்டையின் நீளம் 85.6 மி.மீ.; அறிமுக அட்டையோ சுமார் 89 மி.மீ. இதைவிடப் பெரிதாகவோ சதுரமாகவோ செய்தால் பார்வைக்குப் புதுமையாக இருக்கும். ஆனால் பணப்பையில் நுழையாது. நுழையாத அட்டை விடுதி அறையிலேயே தங்கிவிடும்.

அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் இந்த அட்டைக்கு 1,050 x 600 படப்புள்ளிகள் தேவை. வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க நான்கு பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாகப் படத்தை நீட்ட வேண்டும். அப்போது கோப்பின் அளவு 1,125 x 675 ஆகும். அதேபோல் எழுத்துகள் வெட்டும் கோட்டிலிருந்து எட்டில் ஒரு அங்குலமாவது உள்ளே தள்ளியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டுத் தரம் குறையும். ஆகவே ஆவணமாகவோ மின்னஞ்சலிலோ அனுப்ப வேண்டும்.

கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளால் வண்ணம் காட்டுகிறது. அச்சு, நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் வண்ணம் தருகிறது. திரையில் பளிச்சிடும் புல்வெளிப் பச்சையும் ஏரி நீலமும் மையில் சற்று மங்கும். மலைக்காட்சிகளில் இவ்விரு நிறங்களுமே மிகுதி என்பதால், நால்வண்ண முறைக்கு மாற்றிப் பார்த்த பிறகே படத்தை முடிவு செய்ய வேண்டும்.

மூடுபனிப் படத்துக்குத் தனிக் கவனம் தேவை. பனியின் மென்மை, வெள்ளைக்கும் வெளிர் சாம்பலுக்கும் இடையிலான மிகச் சிறிய வேறுபாடுகளில் உள்ளது. அச்சில் மிகச் சிறிய மைப்புள்ளிகள் விழாமல் போனால் பனி வெற்றுத் தாளாகத் தெரியும். மை பரவினால் அழுக்குப் படிந்தது போலத் தெரியும். முன்னால் ஒரு கருமரமோ மனித உருவமோ தெளிவாக நிற்கும் பனிப் படம் அச்சில் நன்றாக வரும். பனியின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் படிக்க முடியாது. அடர்ந்த நிறம் தேவை. சிறிய எழுத்துகளை நான்கு மையும் கலந்த கறுப்பில் அடித்தால், மைகள் சிறிது விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். ஆகவே அவற்றைக் கறுப்பு மை ஒன்றில் மட்டுமே அச்சிட வேண்டும்.

தாளும் மலையின் ஈரமும்

அறிமுக அட்டைக்கு 300 அல்லது 350 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு எனப்படும் வழவழப்பான தடித்த தாள் வழக்கமாகப் பயன்படுகிறது. அதன் மேல் மேட் அல்லது பளபளப்பு லேமினேஷன் செய்வார்கள். பளபளப்பில் வண்ணம் எடுப்பாகத் தெரியும். ஆனால் வெளிச்சம் பட்டு மின்னுவதால் எழுத்து மறையும், கைரேகையும் பதியும். மேட் பரப்பு கண்ணுக்கு இதமானது.

மழைக்காலத்தில் ஏற்காட்டின் காற்றில் ஈரம் மிகுதி. தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும் இயல்புடையது. ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த அட்டையில், மூடிய பக்கம் விரியாது, மூடாத பக்கம் விரியும். அதனால் அட்டை வளைந்துவிடும். ஆகவே லேமினேஷன் செய்வதாக இருந்தால் இரு பக்கமும் செய்ய வேண்டும். வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியில் நீரில் கரையும் சாய மையால் அடித்த அட்டைகள் பனியிலும் தூறலிலும் கலங்கிவிடும்.

லேமினேஷன் இல்லாத, மேற்பூச்சற்ற தடித்த தாளுக்கு ஒரு தனி நன்மை உண்டு: அதில் பேனாவால் எழுதலாம். படம் எடுத்த தேதி, கோப்பு எண், ஆல்பம் தரும் நாள் ஆகியவற்றை அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்தால் அட்டையே ரசீது போல ஆகிவிடும். அப்படிப்பட்ட அட்டையை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். மேற்பூச்சற்ற தாளில் வண்ணங்கள் சற்று அடங்கித் தெரியும் என்பதால், படம் இல்லாத எழுத்து அட்டைகளுக்கு அது மிகவும் ஏற்றது. பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தாள் எளிதில் மட்காது. மலையில் குப்பை சேர்வதைக் கருதினாலும் படலமற்ற தாளுக்கு முதன்மை தரலாம்.

க்யூ.ஆர். குறியீடு

க்யூ.ஆர். குறியீட்டை ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் உருவாக்கியது. அச்சிட்ட அட்டையிலிருந்து கைபேசியிலுள்ள படத்தொகுப்புக்குச் செல்ல இது நல்ல பாலம். ஒளிப்படக் கலைஞர் இதில் இரு வகைத் தகவல்களை வைக்கலாம்.

முதல் வகை இணைய முகவரி. இதைப் படிக்கக் கைபேசிக்கு இணையத் தொடர்பு வேண்டும். மலைச்சாலையிலும் தோட்டப் பகுதிகளிலும் அலைவரிசை விட்டு விட்டுக் கிடைக்கும் இடங்களில் பக்கம் திறக்காது. இரண்டாம் வகை தொடர்பு அட்டை. பெயரும் எண்ணும் குறியீட்டுக்குள்ளேயே பதிந்திருப்பதால், இணையம் இல்லாமலே எண்ணைக் கைபேசியில் சேமிக்க முடியும். மலைமேல் சந்திக்கும் சுற்றுலாப் பயணிக்கு இரண்டாம் வகையும், கீழே திருமண மண்டபத்தில் சந்திப்பவருக்கு முதல் வகையும் பொருந்தும்.

குறியீட்டில் தகவல் கூடக் கூடக் கட்டங்கள் நெருங்கி, படிப்பது கடினமாகும். ஒருங்குறியின் யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். 'ஏற்காடு' என்ற சொல் 7 குறிகளாகப் பிரிந்து 21 பைட்டு ஆகிறது. அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 7 பைட்டு போதும். எனவே தொடர்புக் குறியீட்டில் பெயர், தொழில், எண் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குறியீட்டின் பக்க அளவு 2 செ.மீ.க்குக் குறையாமலும், சுற்றிலும் நான்கு கட்ட அளவு வெற்றிடத்தோடும் இருக்க வேண்டும். படத்தின் மேல் குறியீட்டை வைக்கக் கூடாது. குறியீட்டில் பிழை திருத்தும் திறன் நான்கு நிலைகளில் உண்டு. அவை சுமார் 7, 15, 25, 30 விழுக்காடு வரையான சேதத்தைத் தாங்கும். கசங்கும் வாய்ப்புள்ள அட்டைக்கு 15 விழுக்காடு நிலையாவது தேவை. சில இலவசத் தளங்கள் உருவாக்கித் தரும் குறியீடுகள் அத்தளத்தின் வழியாகவே திருப்பிவிடப்படுபவை. தவணை முடிந்ததும் அவை வேலை செய்யாது. ஆயிரம் அட்டை அடித்த பிறகு இது தெரிந்தால் அத்தனையும் வீண். கலைஞரின் முகவரியையே நேரடியாகக் கொண்ட குறியீடுதான் பாதுகாப்பானது.

அச்சிடுதல்

தமிழ்நாட்டில் சிவகாசி பெரிய அச்சு மையம். அங்கும் பிற நகரங்களிலும் ஆஃப்செட் முறையில் பலருடைய அட்டைகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சிடுவதால் விலை குறைகிறது. ஆனால் பக்கத்தில் உள்ள அட்டையின் நிறத்துக்கேற்ப மை கூடவோ குறையவோ செய்யலாம். மனித முகத்தின் தோல் நிறம் முக்கியமாக உள்ள அட்டைக்கு இது குறை. சேலத்தில் உள்ளது போன்ற டிஜிட்டல் அச்சகங்களில் 50, 100 என்ற சிறிய எண்ணிக்கையிலும் அடிக்கலாம். ஒரே தடவையில் வெவ்வேறு படங்களையும் வைக்கலாம்.

புதிதாகத் தொழில் தொடங்குபவர் முதலில் 100 அட்டைகளை டிஜிட்டல் முறையில் அடித்து, சில வாரங்கள் பயன்படுத்தி, குறைகளைத் திருத்திய பின் பெரிய எண்ணிக்கைக்குச் செல்வது சிக்கனமானது. முகவரி, எண் மாறும் வாய்ப்பு இருந்தால் ஆயிரக்கணக்கில் அடித்து வைக்க வேண்டியதில்லை.

அச்சுக்கு அனுப்புமுன் பின்வருவனவற்றைச் சரிபார்க்க வேண்டும்:

1. உண்மை அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படித்தல்.
2. அட்டையில் அச்சான எண்ணைப் பார்த்து அழுத்தி, அழைப்பு வருகிறதா என அறிதல்.
3. க்யூ.ஆர். குறியீட்டை இரண்டு மூன்று வேறு கைபேசிகளில், மங்கிய வெளிச்சத்திலும் சோதித்தல்.
4. கலைஞரை அறியாத ஒருவரிடம் அட்டையை ஐந்து நொடி காட்டி, 'இவர் என்ன வேலை செய்கிறார்?' என்று கேட்டல். 'விடுதி', 'டிராவல்ஸ்' என்று விடை வந்தால் படத்தை மாற்ற வேண்டும்.
5. படத்தில் உள்ளவர்களின் எழுத்து ஒப்புதல் கையில் இருக்கிறதா எனப் பார்த்தல்.

வழங்கும் முறையும் பயனை அளத்தலும்

அட்டையைக் காட்சி முனைகளில் வருவோர் போவோர் கையில் எல்லாம் திணித்தால் பெரும்பாலானவை தரையில் விழும். படத்தைக் கொடுக்கும்போது அட்டையையும் சேர்த்துக் கொடுப்பதே சிறந்தது. அச்சிட்ட படத்தின் உறை, ஆல்பத்தின் உட்பக்கப் பை, பென்டிரைவ் பெட்டி ஆகியவற்றில் அட்டை வைக்கலாம். படம் இருக்கும் வரை அட்டையும் உடன் இருக்கும். பூக்கடை, மேடை அலங்காரம், ஒப்பனை, சமையல் ஆகிய வேலைகளைச் செய்பவரிடமும், தங்கும் வீடுகள் நடத்துபவரிடமும் சில அட்டைகளைக் கொடுத்து வைத்தால் அவர்கள் பரிந்துரைக்கும்போது அது கைகொடுக்கும்.

எந்த அட்டை வேலை கொண்டுவருகிறது என்பதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. அட்டையின் ஓரத்தில் சிறிய எழுத்து ஒன்றை அச்சிடலாம்: அடிவாரத்தில் கொடுப்பதற்கு 'அ', ஏற்காட்டில் கொடுப்பதற்கு 'ஏ', மண்டபங்களில் கொடுப்பதற்கு 'ம'. அழைப்பவரிடம் அந்த எழுத்தைக் கேட்டுக் குறித்து வந்தால், சில மாதங்களில் எந்த இடத்து அட்டை அழைப்பாக மாறுகிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த முறை எத்தனை அட்டை, எந்த மொழியில், எந்தப் படத்தோடு அச்சிடுவது என்பதை அந்தக் கணக்கைக் கொண்டே முடிவு செய்யலாம்.